எரியாத பச்சை விளக்கு

மார்ச் 3, செவ்வாய்

பெட்டியின் அடி அட்டைக்குக் கீழே கரண்டில் செருகும் கறுப்பு அடாப்டர் ஒன்று கிடந்தது. அதை முதலில் பார்த்தது நான்தான். அண்ணன் பார்க்கவில்லை. மொபைல் கடையில் வேலை பார்க்கிறவன். அட்டையைத் தூக்கிப் பார்ப்பதெல்லாம் அவன் தகுதிக்குக் குறைச்சல்.

பெட்டியில் வந்தது டாக்கிங் ஸ்டேஷன். அப்பாவின் பழைய லேப்டாப்பில் கேமரா செத்துவிட்டது. கீபோர்டில் பாதி எழுத்து ஓய்வுபெற்றுவிட்டது. அதனால் பெரிய திரை, கீபோர்டு, மவுஸ், கேமரா எல்லாவற்றையும் டாக்கில் செருகி, டாக்கை லேப்டாப்பில் செருக வேண்டுமாம். எல்லாம் திங்கட்கிழமைக்காக. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை, வீட்டிலிருந்தே. அண்ணன் கடைக் கம்ப்யூட்டரில் தேர்வு எழுதித் தேறிவிட்டேன். பாக்கி, வேலை செய்யப்போகும் கம்ப்யூட்டரில் முகம் காட்டிப் பத்து நிமிடம் பேசுவது.

பள்ளியில் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன்’ சொல்லக் குரல் வராமல்தான் படிப்பையே விட்டேன். பத்து நிமிடமாம்!

அடாப்டரை அட்டைக்கு அடியிலேயே விட்டுவிட்டேன்.

மார்ச் 4, புதன்

டாக் வயருக்கு ஏற்ற ஓட்டையே லேப்டாப்பில் இல்லை. அண்ணன் கன்வெர்ட்டர் வாங்கி வந்தான். மவுஸ் வந்தால் கீபோர்டு போகிறது. கேமரா வந்தால் திரை கறுக்கிறது. பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி, ஒருவர் வந்தால் இன்னொருவர் கிளம்பிவிடுகிறார்.

“உன்னால ஆகாதுடா. யாராவது தெரிஞ்ச ஆளைக் கூப்பிடு,” என்றாள் அம்மா.

“நான்தாம்மா அந்த ஆளு!”

அந்த ஆள் டிரைவர் சாஃப்ட்வேரைப் போட்டான், எடுத்தான், மறுபடி போட்டான். டாக்கில் பச்சை விளக்கு எரியவே இல்லை. அதன் முதுகில் ஓர் உருண்டை ஓட்டை, அந்த அடாப்டருக்காகப் பசியோடு வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. கிழட்டு லேப்டாப் தன் ஒரே வயரில் எத்தனை பேருக்குத்தான் மின்சாரம் ஊட்டும்? எனக்குப் புரிந்தது. எனக்குத்தான் பேச வராதே. சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

இன்றும் வேலை செய்யவில்லை. வயிற்றில் பால் வார்த்தது.

மார்ச் 7, சனி

அத்தை வந்தார், கையில் ரோஸ் கலர் கோட்டுடன். அவருடைய பியூட்டி பார்லர் வரவேற்பில் நிற்க ஆள் வேண்டும். கோட்டில் ‘நான் உதவலாமா?’ என்று பேட்ஜ் வேறு.

“அந்தப் பெட்டியோட மல்லுக்கட்டினது போதும். திங்கக்கிழமை அது நடக்கலைன்னா மறுநாளே வந்துடு. வர்றவங்களைப் பாத்துச் சிரி, வாங்க வாங்கன்னு சொல்லு. அவ்ளோதான்டி!”

அவ்வளவுதானாம். கதவு திறக்கும்போதெல்லாம். நாள் முழுக்க. பத்து நிமிடத்துக்குப் பயந்து ஆயுள் தண்டனை வாங்கப்போகும் புத்திசாலி நான் ஒருத்திதான்.

கோட் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. சனியன்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மேசைக்கடியில் கிடந்தான். வெளியே வந்தபோது தலையெல்லாம் ஒட்டடை. பெருமையடிப்பான் என்று பார்த்தால் —

“சாரி பாப்பா. கடையிலகூட கேட்டேன், சிரிக்கிறானுங்க. உன் வேலையை நான்தான் கெடுத்துட்டேன்.”

இவன் திமிராகவே பேசியிருந்தால் எவ்வளவு வசதி! மூஞ்சியைத் தொங்கப்போட்டால் நான் என்ன செய்ய? உன்னை யாருடா சாரி கேக்கச் சொன்னா? கெடுத்தது நீயில்ல, நான் —

அவன் குளிக்கப் போனான். அட்டையைத் தூக்கி அடாப்டரை எடுத்துச் செருகினேன். பச்சை. எல்லாம் ஒன்றாக எழுந்தன. பெரிய திரையில் என் முகம், பூதாகாரமாக.

துண்டோடு ஓடி வந்தவன் அடாப்டரைப் பார்க்கவே இல்லை. “பாத்தியா! நேத்து நான் போட்ட டிரைவரு! டைம் எடுத்துதான் வேலை செய்யும்!”

“ஆமாண்ணா.”

மார்ச் 9, திங்கள்

அழைப்பு வந்தது. எதிர்முனையில் ஒரு பெண் குரல் மட்டும், திரை கறுப்பு.

“நீங்க நல்லாத் தெரியிறீங்கம்மா. எனக்குத்தான் கேமரா வரல. புது டாக் ஒண்ணு குடுத்திருக்காங்க, காலையிலேருந்து படுத்துது. வேற நாள் வெச்சுக்கலாமா?”

வேறு நாள். தலையை ஆட்டினால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம். கதவுக்குப் பின்னால் அம்மாவும் அண்ணனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

“மேடம், அதுல பச்சை லைட் எரியுதான்னு பாருங்க,” என்றேன். “எரியலைன்னா, பெட்டியில அடி அட்டையைத் தூக்கிப் பாருங்க.”