பத்துக் காடையும் எழுபத்தொரு கையெழுத்தும்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஒரு கிலோ கேக் குப்பைக்குப் போனது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மகளுக்குப் பிறந்தநாள். நான்கு மணிக்கு ஆள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பேக்கிங் பவுடர் இருக்க வேண்டிய இடத்தில் சோடா இருந்தது. பதினாறு வருஷமாக என் கை பார்க்காமலே எடுக்கும் இடம் அது. வாயில் வைத்தால் சோப்பு.

"என்னங்க இது, டப்பாவெல்லாம் மாத்தி வச்சிருக்கீங்க?"

"அகர வரிசை. நீ பாட்டுக்கு இஷ்டத்துக்கு வச்சா யாரு கண்டுபிடிப்பா?"

"நான்."

"நீ இல்லாதப்போ?"

நான் எங்கே போகப் போகிறேன்? அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்று இன்றோடு முப்பத்துநான்கு நாள். முப்பத்தோரு வருஷம் காசோலைகளில் கையெழுத்து அசலா போலியா என்று பார்த்தவர். கையில் எப்போதும் ஒரு லென்ஸ் இருக்கும், ஆபீசில் பட்டப்பெயரே 'பூதக்கண்ணாடி'. இப்போது அந்தக் கண்ணாடி என் சமையலறைப் பக்கம் திரும்பியிருக்கிறது. கேக் ஆர்டரில்தான் என் நாள் ஓடுகிறது, என் மரியாதையும் அதில்தான் இருக்கிறது. இவர் அங்கேயே நின்றால் இரண்டும் போச்சு.

பிப்ரவரி 5, வியாழன்

ஃப்ரிட்ஜுக்கு வருகைப் பதிவேடு போட்டிருக்கிறார். கொத்தமல்லி இன்று 'தாமதம்'.

பிப்ரவரி 7, சனி

மகளிடம் போனில் அழுதேன். அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அம்மா, அப்பாவுக்குக் கீழ வேலை பாக்க யாராவது வேணும். இப்போ நீ ஒருத்திதான் இருக்கே. வேற யாரையாவது பிடிச்சுக் குடு."

நல்ல யோசனை. ஆனால் யாரை? நாய் என்றால் பாசம் காட்டும். அவருக்கு அது பிடிக்காது. கோழிக்கு இடம் இல்லை. வீட்டின் பின்பக்கம் நீளம் பதினாறு அடி, அதில் பாதி துணிக்கொடிக்குப் போய்விடும். சந்தைக்குப் பின்னால் இருக்கும் காடைக்காரரிடம் போனேன். பழுப்புக் காடைதான் எல்லாரும் வாங்குவார்கள் என்றார். மூலையில் வெள்ளைக் காடைகள் சில இருந்தன. ஐசிங் பூசியது போல அத்தனை அழகு. அதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

"எட்டுப் பெட்டை, ரெண்டு சேவல். இன்னும் ரெண்டு மூணு வாரத்துல முட்டை போட்டுத் தள்ளும்மா. கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க."

கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

பிப்ரவரி 9, திங்கள்

வேலை செய்கிறது! காலை ஏழு மணிக்கே சட்டையை இன் பண்ணிக்கொண்டு பின்பக்கம் வைத்த காடைக் கூண்டுக்குப் போய்விட்டார். காடை பயந்தால் நேர் மேலே எகிறும், தலையில் அடிபடும் என்று எங்கோ படித்துவிட்டு, கூண்டின் கூரைக்கு என் பழைய போர்வையைக் கட்டியிருக்கிறார். கட்டிக்கொள்ளட்டும். இன்று இரண்டு கேக், பன்னிரண்டு பன். சமையலறையில் என்னைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. பாட்டுக்கூடப் பாடினேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கூண்டுக்கு வெளியே அறிவிப்புப் பலகை. தண்ணீர் நேரம், தீவன நேரம், 'பொதுமக்கள் தொடாதீர்'. பொதுமக்கள் என்றால் நான்.

காடைகள் நாள் முழுக்கக் கூவுகின்றன. பக்கத்து வீட்டில் டியூஷன் எடுக்கும் அக்கா மதில் மேல் தலையை நீட்டி, "பெட்டையும் இப்படித்தான் கூவுமா?" என்று கேட்டாள்.

"உற்சாகமான ஸ்டாஃப்," என்றார் இவர்.

மார்ச் 9, திங்கள்

ஒரு முட்டை கிடையாது. ஒன்றே ஒன்றுகூட. ஒன்றின் தலையை ஒன்று கொத்தி மூன்றுக்கு உச்சி வழுக்கை. அவரும் விளக்கு போட்டுப் பார்த்தார், தீவனத்தை மாற்றினார், கூண்டின் முன் நின்று இருபது நிமிஷம் பேசினார்.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார்: "இந்தக் கிளை நஷ்டத்துல ஓடுது. மூடிடலாம்னு பாக்குறேன். உனக்குக் கூடமாட ஒத்தாசையா இருந்துடறேன்."

சனிக்கிழமை மூன்றடுக்குக் கேக் ஒன்று இருக்கிறது. முதல்முறையாக ஒரு கல்யாண ஆர்டர். ஒத்தாசையாம்! கடவுளே, ஒத்தாசை மட்டும் வேண்டாம்.

மார்ச் 10, செவ்வாய்

செய்துவிட்டேன். சந்தையில் முட்டைக்காரம்மாவிடம் காடை முட்டை வாங்கி, பன் மாவு உப்புவதற்கு வைக்கும் கதகதப்பான இடத்தில் இரவு முழுக்க வைத்து, காலை ஐந்தரைக்கு இரண்டைக் கூண்டுக்குள் உருட்டினேன். ஒரு காடை என் கையைக் கொத்தியது. அதற்குத் தெரியும் போல.

ஏழு மணிக்குப் பின்பக்கமிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெயர் சொல்லி! எத்தனை வருஷம் ஆயிற்று.

"சூடா இருக்கு பாரு, இப்பத்தான் போட்டிருக்கு!" கண்ணெல்லாம் நீர். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எட்டு மணிக்குச் சமையலறை காலி. வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு மாவு பிசைந்தேன்.

மார்ச் 14, சனி

மூன்றடுக்கும் நிமிர்ந்து நின்றது. ஒரு சின்னச் சாய்வுகூட இல்லை.

மார்ச் 19, வியாழன்

புதிதாக ஒன்று படித்திருக்கிறார். ஒவ்வொரு பெட்டைக்கும் முட்டையில் அதற்கென்று ஒரு புள்ளிக்கோலம் உண்டாம், கடைசிவரை மாறாதாம். "கையெழுத்து மாதிரி!" என்று குதித்தார். லென்ஸ் வெளியே வந்துவிட்டது. சேர்த்து வைத்திருந்த ஒவ்வொரு முட்டையின் புள்ளியையும் அட்டையில் வரைந்து, தேதி போட்டு, மாதிரிக் கையெழுத்துக் கோப்பு ஒன்று திறந்திருக்கிறார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். நான் கொண்டுவந்து வைப்பது ஊரில் உள்ள எந்தெந்தக் காடையின் முட்டையோ!

மார்ச் 24, செவ்வாய்

அட்டை இருபத்தாறு ஆகிவிட்டது. இருபத்தாறும் இருபத்தாறு விதம். இன்று மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். நெடுநேரம் லென்ஸை வைத்துப் பார்த்தவர் பெருமூச்சு விட்டார்.

"எட்டுப் பெட்டை, இருபத்தாறு கையெழுத்து. ஒண்ணுகூட நிலையா போட மாட்டேங்குது. ஏதோ மன உளைச்சல்ல இருக்குதுங்க."

காடைக்கு மன உளைச்சலாம். இவ்வளவு பெரிய லென்ஸுக்கு வீட்டு ஆள் மட்டும் தெரியவே மாட்டேன் என்கிறது. அது மட்டுமா? காடை பொதுவாகச் சாயங்காலம்தான் முட்டையிடும் என்று படித்தாராம். நம் வீட்டுக் காடைகள் காலையில் போடுவதால், "என் நிர்வாகத்துல காலை ஷிஃப்டுக்கு மாறிடுச்சு" என்கிறார். தப்பு செய்தது நான். அதற்கும் பெருமை அவருக்கு.

மார்ச் 28, சனி

முட்டைக்காரம்மா இன்று கேட்டேவிட்டாள்: "தினமும் ரெண்டும் மூணுமா வாங்குறீங்களே, பேசாம நாலு காடை வளக்கலாமே?"

"பத்து இருக்கு."

பார்த்தாள். நான் எல்லாவற்றையும் கொட்டினேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அவள் சிரிக்கவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கூவுதா?"

"நாள் பூரா. பத்தும்."

"அடக் கஷ்டமே. கூவுறது சேவல்மா. பழுப்புன்னா நெஞ்சு நிறத்துல தெரிஞ்சுடும், வெள்ளையில அது தெரியாது. வாலைத் தூக்கி லேசா அமுக்குங்க. நுரை வந்தா சேவல்."

அவர் முடி வெட்டிக்கொள்ளப் போன நேரத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். முதலாவது நுரை. இரண்டாவதும். பத்தாவதுக்கு வந்தபோது என் கையைப் பார்த்தால் ஷேவிங் கிரீம் தடவியது போல இருந்தது.

பத்தும் சேவல். அதாவது என் வீட்டில் மூன்று வாரமாகப் பத்துச் சேவல்கள் முட்டையிட்டுக்கொண்டிருக்கின்றன.

மார்ச் 29, ஞாயிறு

இன்றும் மூன்று வைத்தேன். நிறுத்தினால் கிளையை மூடிவிடுவார். தலைக்கு மேலே போன வெள்ளம், சாண் என்ன முழம் என்ன.

ஏப்ரல் 4, சனி

வந்தது வினை. தெருச் சங்கத் தலைவர் நேரில் வந்து அழைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டாம் தேதி கூட்டத்தில் இவர் பேச வேண்டுமாம். தலைப்பு இவரே எழுதிக் கொடுத்தது: 'ஓய்வுக்குப் பின் ஒழுங்கு — ஒரு காடைக் கூண்டின் வெற்றி'.

"நாலு காடையைக் கொண்டாங்க சார், மேடையிலேயே காட்டுவோம். கால்நடை டாக்டர் வேற வர்றாரு, அவரு கையில குடுத்தா விளக்கமா சொல்லிடுவாரு."

டாக்டர் கையில் கொடுத்தால்! வாலைத் தூக்கினால் போதுமே. தெருவே பார்க்கும். மறுநாள் முதல் 'பூதக்கண்ணாடி' போய் 'சேவல் முட்டை' என்று பெயர் வைப்பார்கள். இவர் அதற்கப்புறம் வாசலில் இறங்குவாரா?

ஏப்ரல் 8, புதன்

கண்ணாடி முன் நின்று பேசிப் பழகுகிறார். "நம்பிக்கை என்பது சரிபார்த்த பின் வருவது." இதைக் கேட்டுக்கொண்டே வெண்ணெயை அடித்தேன். வெண்ணெய் திரிந்துபோய்விட்டது.

ஏப்ரல் 11, சனி

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் அவர் கோட்டுக்கு பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். "ஏங்க, நாளைக்குப் போகாதீங்க" என்று ஆரம்பித்தேன். அப்புறம் நிற்கவே இல்லை. முட்டை, சந்தை, ஐந்தரை மணி, நுரை, எல்லாம் வந்துவிட்டது. "ஏன்" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

"எனக்கு என் சமையலறை வேணும்ங்க. நீங்க உள்ள வந்தா எனக்கு மூச்சு முட்டுது. வாயத் தொறந்து சொன்னா சண்டை வரும். அதான்... எனக்கு வேற வழி தெரியல."

கோட்டைக் கீழே வைத்தார். மாதிரிக் கையெழுத்துக் கோப்பை எடுத்துவந்து, ஒவ்வோர் அட்டையாகத் திருப்பினார். எண்ணினார். எழுபத்தொன்று. "எல்லாமே போலியா?" என்றார். நான் தலையாட்டினேன்.

திட்டியிருக்கலாம். கத்தியிருக்கலாம். கோப்பைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார். பாவி, நான் என்ன செய்துவிட்டேன்? கேவலம் ஒரு அறைக்காக.

இல்லை. கேவலம் இல்லை. அறை என்னுடையதுதான். ஆனாலும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

போனார். கூண்டை எடுத்துக்கொள்ளவில்லை, கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டார். நான் கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில், ஓடுவதற்கு வசதியாக உட்கார்ந்தேன்.

எழுதி வைத்த பேச்சைப் பிரிக்கவே இல்லை. இப்படித்தான் பேசினார், வார்த்தை மாறாமல் எழுதி வைக்கிறேன்.

"முப்பத்தோரு வருஷத்துல ஒரு போலிக் கையெழுத்துகூட என்னைத் தாண்டிப் போனதில்ல. இந்த ஒரு மாசத்துல எழுபத்தொண்ணு போயிருக்கு. என்கிட்ட இருக்கிற பத்தும் சேவல். முட்டை கடையில வாங்கினது. போட்டவங்க கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க."

நாற்பது தலை திரும்பியது. நான் தரையைப் பார்த்தேன்.

"குத்தம் அவங்களது இல்ல. அவங்களுக்கு வேண்டியிருந்தது அவங்க சமையலறை. வாயால கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன். ஓய்வு பெற்ற ஆம்பளைங்க எல்லாரும் இன்னைக்கு வீட்டுக்குப் போய், நம்ம எந்த இடத்துல நிக்கிறோம்னு கொஞ்சம் பாருங்க. நன்றி."

முதலில் டியூஷன் அக்கா கை தட்டினாள். பிறகு எல்லாப் பெண்களும். ஆண்கள் நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். கால்நடை டாக்டர் எழுந்து நின்று கை தட்டியதில் அவர் மனைவி இடித்து உட்கார வைத்தாள். எனக்கு அழுகை அடங்கவில்லை. கைக்குட்டையும் கொண்டுபோகவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது தெரு முனையில், "அந்த பன் மாவு வைக்கிற இடத்துலயா சூடு பண்ணினே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கெட்டிக்காரி" என்றார். கோபமா பாராட்டா, தெரியவில்லை.

ஏப்ரல் 18, சனி

காடைக்காரரிடம் எட்டுச் சேவலைக் கொடுத்து ஆறு பெட்டை வாங்கிவந்தார், பழுப்பு நிறம். ஒவ்வொன்றின் நெஞ்சையும் லென்ஸ் வைத்துப் பார்த்தாராம். காடைக்காரர் வியர்த்துவிட்டாராம்.

கூட்டத்துக்கு அப்புறம் சமையலறைக்குள் அவர் கால் படவில்லை. டீ வேண்டுமென்றால் நிலைக்கு வெளியே நின்று தொண்டையைச் செருமுகிறார். கேட்டது கிடைத்துவிட்டது எனக்கு. சந்தோஷமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அந்தச் செருமல்தான் கொஞ்சம் நெஞ்சில் குத்துகிறது.

மே 6, புதன்

சாயங்காலம் ஐந்து மணி. நிலைக்கு வெளியே செருமல். பார்த்தால் உள்ளங்கையில் ஒரு முட்டை.

"இது... நீ வச்சதா?"

"இல்லைங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

நம்பவில்லை, முகத்தில் தெரிந்தது. அந்த அவநம்பிக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டது நான்தானே. "உள்ள வந்து வெளிச்சத்துல பாருங்க" என்றேன்.

"வரலாமா?"

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் இந்த வீட்டில் அவர் எதற்கும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. "வாங்க" என்று சொல்லிவிட்டு, அலமாரிப் பக்கம் திரும்பி அவருடைய லென்ஸைத் தேடினேன். இங்கே எப்படி இருக்கும்? தெரியும், இருந்தாலும் தேடினேன். முகத்தைக் காட்ட முடியவில்லை.

சுர்ரென்று சத்தம். திரும்பினால் அடுப்பில் பால் பொங்கி வழிகிறது. அவர் அதற்கு ஒரு முழம் தள்ளி, முட்டையைப் பத்திரமாகப் பிடித்தபடி, இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னங்க, பாத்துக்கிட்டே நிக்கிறீங்க!"

"எதையும் தொடக் கூடாதுன்னு..."

அடுப்பை அணைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும், கொஞ்சம் தாமதமாக. முட்டையை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, துடைக்கும் துணியைக் கொடுத்தேன்.

"அடுப்பு மட்டும்" என்றேன்.