நியூக்ளியோடைடு சேர்க்காத குழாய்

இன்று காலை தேக்கா சந்தையில் மீன்காரர் நொறுக்கிய ஐஸை அள்ளிப் போட்டபோது உங்கள் நினைவு வந்தது, டீச்சர். அதே மீன் வாடையோடு ஒரு நாள் நம் கல்லூரி ஆய்வகத்துக்குள் வந்தீர்கள். கையில் ஒரு துண்டு மீன். அதன் டிஎன்ஏவை மாணவர்கள் நகலெடுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் முறை தோற்றது. நகல் பெருகியிருந்தால் ஜெல்லில் கோடு ஒளிரும். எல்லா வரிசையும் இருட்டாக இருந்தது.

“மீன் பழசு லா, டீச்சர்,” என்றாள் மாணவி திவ்யா.

“மீன் மேல பழி போடாத மா. நியூக்ளியோடைடை எத்தனை வகுப்புக்கு உருக்கி, திரும்ப உறைய வச்சிருக்கோம்?”

நான் வழக்கம்போல் உதாரணத்தோடு நுழைந்தேன். நியூக்ளியோடைடுகள் நான்கு வகை மணிகள். நொதி அவற்றைக் கோத்துத்தான் புது இழையை ஆக்குகிறது. கோப்பதற்கான ஆற்றலும் மணியின் வாலிலேயே இருக்கிறது. உருக்கி உறைய வைக்க வைக்க வால் அறுந்துவிடும். பிறகு மணி இருந்தும் மாலை இல்லை.

“சார் சிராங்கூன் ரோட்டுல மணிக்கடை திறந்துட்டாரு,” என்றீர்கள் என்னைக் காட்டி. எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் நீங்கள் மருத்துவமனையில் சேர வேண்டும். அடுத்த நாள் அறுவை சிகிச்சை. அதற்கு முன் இந்த முடிவைப் பார்த்துவிட நினைத்தீர்கள். புதிய நியூக்ளியோடைடைச் சிறு குழாய்களில் பிரித்தீர்கள். ஒரு கலவையில் மட்டும் அதைச் சேர்க்க வேண்டாம் என்றீர்கள்.

“அதுல வரவே வராதே டீச்சர், வேஸ்ட் லா.”

“வராதுன்னு நீ சொல்லாத. ஜெல் சொல்லட்டும். அதுலயும் கோடு வந்தா, நீங்க குழாயை மாத்திட்டீங்கன்னு அர்த்தம்.”

மறுநாள் மாலை கோடுகள் பளிச்சென்று வந்தன. திவ்யா படத்தை உங்கள் வார்டுக்கு அனுப்பினாள். நாங்கள் பாராட்டை எதிர்பார்த்து நின்றோம். குரல் பதிவு வந்தது: “நல்லாருக்கு மா. படத்தோட ஓரத்தை ஏன் வெட்டுன?”

“அங்க ஒண்ணுமே இல்ல டீச்சர், அசிங்கமா இருந்துச்சு.”

“அதைத்தான் பாக்கணும். முழுசா அனுப்பு.”

அனுப்பினாள். நியூக்ளியோடைடு சேர்க்காத கடைசி வரிசை சுத்தமான இருட்டு.

“ஆ. இப்ப நம்புறேன். சார்கிட்ட சொல்லு, மணிக்கடை ஓடுது.”

அறுவை சிகிச்சைக்குப் பின் நீங்கள் கண் விழிக்கவில்லை. பாசிர் ரிஸில் உங்கள் வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போனேன்.

இப்போது யாராவது ஒன்றை நிரூபித்துவிட்டதாகச் சொல்லிக் கைப்பேசியை நீட்டினால், நடுவில் ஒளிர்வதை உடனே பார்ப்பதில்லை. “ஓரத்துல என்ன இருந்துச்சு?” என்று கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. காத்திருக்கிறேன்.