சிவப்புக் கோடும் நீலக் கோடும்

மார்ச் 4, செவ்வாய்

பழைய கம்ப்யூட்டர் இன்று மூன்று முறை படுத்துக்கொண்டது. மூன்று முறையும் தட்டிக்கொடுத்து எழுப்பினேன். இந்தக் காது மருத்துவமனையின் பதிவு அறையில் பன்னிரண்டு வருடமாக எனக்குத் துணை அது ஒன்றுதான். இருபத்தொன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, அதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதற்குள் அதன் வயிற்றில் கிடக்கும் மூவாயிரத்துச் சொச்சம் பேருடைய செவிச் சோதனை விவரங்களைப் புதியதற்கு மாற்றியாக வேண்டும்.

இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். பழையதற்குத் தெரிந்தது ஒரே வடிவம்தான். தலைப்பு, கிலைப்பு எதுவும் இல்லாமல் எண்களை வரி வரியாகக் கொட்டும். புதியதோ ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பெட்டி வேண்டும், பெட்டிக்குப் பெயர் வேண்டும் என்று அடம்பிடிக்கிறது. முதல் வரியை எந்தப் பெட்டியில் போடுவது, இரண்டாவதை எதில் போடுவது என்று தீர்மானிக்க வேண்டியவள் நான்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். தலையாட்டினான். என்ன கேட்டதோ.

மார்ச் 6, வியாழன்

தலைக்கு மேல் வேலை. ஒரு வரிகூட எழுதத் தெம்பில்லை.

மார்ச் 7, வெள்ளி

மாற்றும் நிரல் முடிந்தது. ஒருவருடைய ஃபைலை மாற்றிப் பார்த்துச் சரியா என்று சோதிக்க வேண்டும். யாருடையதை எடுப்பது? யோசிக்கவே இல்லை, தம்பியுடையதை எடுத்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் அவனுடையவைதான்.

தச்சுப் பட்டறையில் மின் ரம்பத்துக்குப் பக்கத்தில் இருபது வருடம் நின்றவன். இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் இழுத்துக்கொண்டு வந்து சோதனை எடுக்க வைத்தேன். வலது காது சிவப்புக் கோடு, இடது காது நீலக் கோடு; கோடு இறங்க இறங்கக் காது மந்தம். அவனுக்கு இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொண்டு சரிந்திருந்தன. அப்போது வாங்கிக் கொடுத்த காது மெஷினை ஒரு வாரம் போட்டான். பிறகு அது அலமாரிக்குள் போனது. அன்றிலிருந்து நான் கத்துகிறேன், அவன் தலையாட்டுகிறான். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒரு குரல்தான்.

புதுத் திரையில் அவனுடைய கோடுகள் அப்படியே வந்தன. அடையாளம் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல இருந்தது. காது மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். (சோதனை எடுப்பவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். மருத்துவமனை முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான்.) “அச்சு அசலா வந்திருக்கே. இருபது பேரை ஏத்திப் பாப்போம்” என்றார்.

அந்த இருபது பேருக்கு, புதுக் கம்ப்யூட்டரிலிருந்து நேராக விவரம் ஏற்றிய புது காது மெஷின் கிடைக்கும். தம்பியின் பெயரையும் சேர்க்கச் சொன்னேன்.

“பழைய சோதனையாச்சே. புதுசா ஒண்ணு எடுத்துடலாம்” என்றார் மேடம்.

“அந்த அறைக்குள்ள இன்னொரு தடவை உக்கார மாட்டான் மேடம். பழசையே ஏத்திடுங்க.”

மார்ச் 10, திங்கள்

தம்பியைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: ‘எனக்காக.’ மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மார்ச் 12, புதன்

போட்டாயிற்று. வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான். ஆனால் கழற்றவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கழற்றிவிட்டான். சாப்பாட்டு மேஜையில், தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில், இரண்டையும் வைத்துவிட்டான்.

“சரியில்லக்கா.”

“ரெண்டு நாள்ல என்னடா தெரியும்? போட்டுப் பழகணும்.”

“சரியில்லன்னு சொல்றேன்ல.”

எனக்குக் கோபம் மூக்கின் மேல் வந்தது. மேடத்திடம் சொல்லி வாங்கிய மெஷின். “உனக்கு நான் பேசறத கேக்கவே பிடிக்கல” என்றேன். கத்தவில்லை, வாய்க்குள்தான் சொன்னேன். அது மட்டும் கேட்டுவிட்டது போலிருக்கிறது. எழுந்து போய்விட்டான்.

ஏன் சொன்னேன்? இருக்கிறது ஒரே தம்பி.

மார்ச் 17, திங்கள்

இருபது பேரில் ஒருவரான கணக்கு டீச்சர் வந்தார். காது மெஷினைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்திருந்தார். “பிள்ளைங்க நாற்காலிய இழுத்தா வலது காதுல இடி விழுது. இடது பக்கம் பஞ்சு வச்சு அடைச்ச மாதிரி இருக்கு. ஒரு நாள்கூட போட முடியலம்மா.”

மெஷினில் கோளாறாக இருக்கும் என்றார் மேடம். வேறு ஒன்று வரவழைத்து, அதிலும் அதே விவரத்தை ஏற்றினோம். அதே இடி, அதே பஞ்சு.

மார்ச் 18, செவ்வாய்

எழுதினால் மனசு கொஞ்சம் அடங்குமா பார்க்கிறேன்.

காலையில் முதல் வேலையாக டீச்சருடைய ஃபைலைப் பழைய கம்ப்யூட்டரில் திறந்தேன். ஜனவரியில் எடுத்த சோதனை. சிவப்புக் கோடு மேலே, நீலம் பாதாளத்தில். வலது காது நல்ல காது, இடதுதான் போன காது. புதுத் திரையில் பார்த்தேன். நீலம் மேலே, சிவப்பு பாதாளத்தில்.

பழையது வலது காதை முதலில் கொட்டுகிறது. நான் முதல் வரியை இடது என்று பெயர் போட்ட பெட்டியில் போட்டிருக்கிறேன். எழுதுவது இடப்பக்கத்திலிருந்துதானே, முதலில் வருவது இடதாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. சோதித்துப் பார்த்ததோ தம்பியின் ஃபைலை. இரண்டு காதும் ஒன்று போலவே போனவன். அவனுக்கு இடம் வலம் மாறினால் யாருக்குத் தெரியும்? மூவாயிரம் பேரில் இந்தத் தப்பைக் காட்டிக் கொடுக்காத ஃபைலாகப் பார்த்து எடுத்திருக்கிறேன், பாசத்தில்.

மேடத்திடம் போய் நின்றேன். சொல்லி முடித்ததும் பேனாவை மூடி வைத்தார். “நானும் அந்தக் கோட்டைப் பாத்துதானே தலையாட்டினேன். நல்லவேளை, இருபது பேரோட போச்சு. போனைப் போடு, எல்லாரையும் இப்பவே கழட்டச் சொல்லு.”

காது கேளாதவர்களுக்குப் போன் போட்டுக் காது மெஷினைக் கழற்றச் சொல்லும் வேலை என் எதிரிக்கும் வர வேண்டாம். கழற்றுங்கள் என்றதும் கழற்றிவிடுகிறார்கள். கழற்றிவிட்டு, “இப்ப என்ன சொன்னீங்க?” என்கிறார்கள். மதியம் வரைக்கும் நானும் மேடமும் மாறி மாறிக் கத்தினோம். ஒரு கட்டத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு அது அழுகையாக முடிந்தது.

சாயங்காலம் வீட்டில் ஒன்று நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தேநீர் கொண்டுபோய் வைத்தேன். தம்பி வந்தான், என் வலப்பக்கத்து நாற்காலியை இழுத்தான், பிறகு அதை விட்டுவிட்டு மேஜையைச் சுற்றி வந்து இடப்பக்கத்தில் உட்கார்ந்தான். ஜன்னல் காற்றுக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்று காலை முதல் இடம் வலம் என்றே கிடந்த புத்தி, சட்டென்று பார்த்தது. அங்கே உட்கார்ந்தால் அவனுடைய வலது காது என் பக்கம் இருக்கும்.

ஆறு மாதமாக அங்கேதான் உட்காருகிறான். பஸ்ஸிலும் என்னை இடம் மாறி உட்காரச் சொல்வான்.

அவனுடைய இரண்டு கோடும் இன்னும் ஒன்றாகவா இருக்கின்றன? அந்தச் சோதனைக்கு இரண்டு வயது. புதிதாக எடுக்கலாம் என்றார் மேடம், வேண்டாம் என்றவள் நான். அவன் சரியில்லை என்று சொன்னபோது சரியில்லாமல்தான் இருந்திருக்கிறது. ஃபைலை நம்பினேன், அவனை நம்பவில்லை.

கேட்கவே பிடிக்கவில்லை என்றேனே. பிடிக்காதவன் எதற்கு மேஜையைச் சுற்றி வருகிறான்?

மார்ச் 20, வியாழன்

மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டும் திரும்ப மாற்றியாயிற்று. இந்த முறை இரண்டு காதும் இரண்டு விதமாக இருக்கிற நாற்பது பேரைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாகப் பழைய திரையோடு வைத்துப் பார்த்தோம். மேடம் “சிவப்பு” என்பார், நான் “வலது” என்பேன். டீச்சருக்குத் திருத்தியதை ஏற்றினோம். காலண்டரில் தாள் கிழித்த சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார். இடப்பக்கமாக.

மார்ச் 21, வெள்ளி

பழையதைத் தூக்கிப் போனார்கள். தட்டிக்கொடுத்து அனுப்பினேன்.

தம்பியிடம் போய், “தப்பு என் மேலதான்டா. திங்கக்கிழமை வரியா?” என்றேன். அவனுடைய வலப்பக்கம் நின்று, மெதுவாக. உடனே “வரேன்” என்றான்.

மார்ச் 24, திங்கள்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சோதனை அறையில், கையில் பொத்தானோடு உட்கார்ந்திருந்தான். சிவப்புக் கோடு இரண்டு வருடத்துக்கு முன்னால் இருந்த இடத்திலேயே வந்தது. நீலம் மட்டும் தனியாக இறங்கி, அடியில் கிடந்தது. டாக்டரும் பார்த்தார். இனி திரும்பாது, மெஷினைச் சரியாக வைத்தால் உதவும் என்றார்.

“ஏன்டா சொல்லல?”

“நீ கத்திக் கத்தியே களைச்சுப் போற. இடது காது இன்னும் மோசமாச்சுன்னு சொன்னா ஜாஸ்தியா கத்துவ.” பிறகு, “அழாதக்கா. காது என்னோடது” என்றான்.

புது அளவை மெஷினில் ஏற்றினார்கள். எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. இந்த முறை அவனாகச் சொல்லட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

முன்னறையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். தம்பி அடுக்களையில் முட்டை அடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய நீலச் சட்டையில் ஒரு பட்டனைக் காணோம். “இத எங்க தொலைச்சானோ, போட்டுக்கத்தான் தெரியும், ஒழுங்கா கழட்டத் தெரியாது” என்று வழக்கம் போலப் புலம்பினேன்.

“மேஜை டிராயர்ல இருக்கு” என்றது அடுக்களை.

தேய்ப்புப் பெட்டியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டேன். நல்லவேளை, தீயவில்லை.

கொஞ்சம் கழித்து, “அக்கா, நீ தனியா இருக்கும்போது இவ்ளோ பேசுவியா?”

“பேசுவேன்.”

“ரெண்டு வருஷமாவா?”

முட்டை அடிக்கிற சத்தம் நின்றிருந்தது.

“இனிமே மெதுவாவே பேசுக்கா. கேக்குது” என்றான்.

தலையாட்டினேன். அடுக்களையிலிருந்து அது அவனுக்குத் தெரியாது என்று அப்புறம்தான் உறைத்தது. “சரிடா” என்றேன், மெதுவாக.