நாக்கு சாரோடு நாலு நாள்

பிப்ரவரி 11, செவ்வாய்

பால் இரண்டு, உப்பு ஒரு பாக்கெட், துணி சோப்பு மூன்று. கணக்கு எழுதியாயிற்று. மீதிப் பக்கம் காலி. அதனால் இதையும் எழுதி வைக்கிறேன்.

இன்று காலை அவர் சாப்பிட்டுக்கொண்டே, "இந்தா, அடுத்த வாரம் பட்டணம் போலாமா? நாலு நாள். சுத்திப் பார்க்கலாம், நல்ல கடையா பார்த்துச் சாப்பிடலாம்" என்றார்.

கரண்டியோடு நின்றுவிட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். பக்கத்து ஊர் விசேஷத்துக்குக் கூட்டிப் போனாலே மத்தியான பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிடுகிற மனிதர்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சந்தோஷமா இருக்கத்தான்."

சந்தோஷம் என்ற வார்த்தையை அவர் வாயால் கேட்டதும் கரண்டிச் சாம்பாரைத் தட்டுக்குப் பதில் தம்ளரில் ஊற்றினேன்.

பிப்ரவரி 12, புதன்

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஊசியைப் பல்லில் கவ்விக்கொண்டே, "இத்தனை வருஷம் கழிச்சு ஊர் சுத்திக் காட்டறாராமா? சட்டைப் பையைப் பார்த்தியா?" என்றாள்.

"அவர் அப்படிப்பட்டவர் இல்லக்கா."

"யாருமே அப்படிப்பட்டவங்க இல்லதான். மாட்டற வரைக்கும்."

பிப்ரவரி 13, வியாழன்

பார்த்தேன். கடவுள் மன்னிக்கட்டும்.

சட்டைப் பையில் ஒரு தாள். பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைகள் பத்து, தெருவின் பெயரோடு. அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். இது வட்ட வட்டமாக, முத்து முத்தாக. பெண் கையெழுத்து என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அவருடையது இல்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

யோசித்துப் பார்த்தால் இது இன்று நேற்று வந்த மாற்றம் இல்லை.

அவருக்கு சாஸ், சூப் பொடி தயாரிக்கிற கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை. ஒவ்வோர் அண்டாவிலிருந்தும் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்து அவர் "ம்" என்று சொன்னால்தான் சரக்கு பாட்டிலில் இறங்கும். அங்கே எல்லோருக்கும் அவர் "நாக்கு சார்". வீட்டுக்குப் போன் பண்ணுகிறவர்கள்கூட "நாக்கு சார் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். அந்த நாக்கோடுதான் நான் குடித்தனம் நடத்தினேன். "வெங்காயம் ஒரு பக்கம் கருகியிருக்கு." "இது நேத்து அரைச்சதா?" "உப்பு ரெண்டு கல் கூட." ஒரு நாள் தப்பியதில்லை.

செப்டம்பரில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார். எழுந்ததிலிருந்து ஒரு குறையும் சொல்வதில்லை. ஐந்து மாதம்! நான் திருந்திவிட்டேனா என்ன? போன மாதம் பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் நாறியது. அதற்கும் வாயைத் திறக்கவில்லை. தட்டைக் காலி பண்ணிவிட்டு எழுந்து போனார்.

வெளியே வேறு கைச் சமையல் கிடைக்கிறவருக்கு வீட்டில் எது கிடைத்தால் என்ன?

பிப்ரவரி 20, வியாழன்

வந்து சேர்ந்தோம். ரயிலில் ஏழு மணி நேரம். லாட்ஜில் நான்காம் மாடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள். துண்டு இரண்டு, போர்வை ஒன்று, விரல் அகலத்துக்கு சோப்பு. எண்ணி வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது பேச்சு வரக் கூடாது.

மத்தியானம் தாளில் இருந்த முதல் கடை. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. காளான் சூப்பும் ரொட்டியும். ஒரு கரண்டி வாயில் வைத்தேனோ இல்லையோ, "எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்குன்னா? முதல்ல என்ன தெரியுது? அப்புறம்? முழுங்கினப்புறம் தொண்டையில என்ன நிக்குது?"

இந்த மனிதர் என்னிடம் "எப்படி இருக்கு" என்று இதற்கு முன்னால் கேட்டது பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு தடவை. அதுவும் குழந்தையைத்தான் கேட்டார்.

சொன்னேன். முதலில் வெண்ணெய், பிறகு மிளகு, கடைசியில் மழையில் நனைந்த மண் மாதிரி ஒன்று. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "கை கழுவிட்டு வரேன்" என்று தெருவுக்குப் போனார். கை கழுவுகிற இடம் கடைக்கு உள்ளே இருந்தது.

மாலை இரண்டாவது கடை. அங்கேயும் அதே கேள்வி. அங்கேயும் தெருவில் கை கழுவினார்.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் மியூசியம். கூரையிலிருந்து ஒரு முழுத் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே நின்று கடவுளின் கைவேலையை நினைத்தேன், கண் கலங்கிவிட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று மூன்று கடை. "எப்படி இருக்கு?" எட்டுத் தடவை. எண்ணினேன்.

கடைசிக் கடையில் எலுமிச்சை கேக். அவர் எழுந்து போனதும் நானும் போனேன். வாசலில் வரிசையாகப் பூந்தொட்டிகள். அதற்கு இந்தப் பக்கம் நின்றேன். போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"முதல்ல புளிப்பு பளிச்சுன்னு வருது. அப்புறம் இனிப்பு. கடைசியில தோல் கசப்பு லேசா நிக்குது. ஆமாங்கம்மா... சரிங்கம்மா."

என் வார்த்தை. ஒன்று விடாமல் என் வார்த்தை! தோல் கசப்பு என்று சொன்னது நான்தானே? அதை எந்த அம்மாவுக்கு ஒப்பிக்கிறார்? அவள் ஆசைப்பட்ட கடை எல்லாம் ஏறி இறங்கி, நான் தின்கிற ருசியை அவளுக்கு ஊட்டுகிறாரா? அந்த முத்து முத்தான கையெழுத்து இவளுடையதுதானா? இவளால் வர முடியவில்லை என்று எனக்கு டிக்கெட் எடுத்தாரா?

திரும்பி வந்து கேக்கை முடித்தேன். காசு கொடுத்து வாங்கினதாச்சே.

பிப்ரவரி 22, சனி

காலைப் பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. இன்று ஒரு பொய் சொல்லப்போகிறேன் என்று கடவுளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஏழாவது கடை. தக்காளி சூப். அதில் உப்பு என்கிற பேச்சே இல்லை. தக்காளியை வெந்நீரில் கழுவின மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?"

"உப்பு கரிக்குது. வாயில வைக்க முடியல" என்றேன்.

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கரண்டி குடித்தார். இன்னொன்று. லேசாக முகத்தைச் சுளித்தார்.

"ஆமா. கரிக்கத்தான் செய்யுது."

ரெண்டு கல் கூடினால் தட்டைத் தள்ளுகிற மனிதர்! என்னைக் கேலி பண்ணுகிறாரா? இல்லை, இவ எதைச் சொன்னாலும் ஆமா போட்டு வைப்போம்னு இருக்காரா? தப்புப் பண்ணினவங்கதானே அப்படித் தலையாட்டுவாங்க?

தெருவில் நின்று போனில் சொன்னார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உதடு "கரிக்குது" என்று அசைந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

காலையில் ஊரெல்லாம் தெரிகிற அந்த உயரக் கோபுரத்துக்குக் கூட்டிப் போனார். லிஃப்டில் முப்பத்தெட்டு மாடி. மேலே கம்பி வேலி, காற்று. இனிமேல் பொறுக்க முடியாது என்று தோன்றியது.

"யாருங்க அந்த அம்மா?"

"எந்த அம்மா?"

"நான் திங்கறதை எல்லாம் போன்ல ஒப்பிக்கிறீங்களே, அந்த அம்மா."

கம்பியைப் பிடித்துக்கொண்டார். "முதலாளியம்மா" என்றார். "பெரியவர் போனப்புறம் அவர் மகள்தானே கம்பெனியைப் பார்க்கறாங்க. புதுசா சூப் பொடி போடப் போறாங்க. பத்துக் கடை பேரை எழுதிக் குடுத்து, சாப்பிட்டுட்டு ருசி சொல்லுங்கன்னு அனுப்பினாங்க."

"அதுக்கு நான் எதுக்கு?"

காற்றில் பறந்த சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "நாக்கு செத்துப்போச்சு" என்றார்.

வந்ததே எனக்கு ஆத்திரம். "ஆமா, செத்துத்தான் போகும்! இருபத்தாறு வருஷமா என் கையால தின்னா வேற என்ன ஆகும்? வீட்டுல வடிச்சுக் கொட்டினது எல்லாம் மண்ணாப் போச்சு, அதான் பத்துக் கடை தேடி வந்தீங்களாக்கும்!" படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதில்லம்மா. நிஜமாவே செத்துப்போச்சு." டாக்டரிடம் காட்டுகிற மாதிரி நாக்கை நீட்டிக் காட்டினார். "காய்ச்சலோட போச்சு. உப்பு, இனிப்பு, வாசனை, ஒண்ணும் தெரியல. சோறும் காகிதமும் ஒண்ணுதான். ருசி திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்றார்."

"கம்பெனியில தெரியுமா?"

"தெரிஞ்சா அவ்வளவுதான். நாக்கு இல்லாத நாக்கு சாரை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்ணுவாங்க? நிறத்தைப் பார்த்து, பக்கத்துல நிக்கறவன் மூஞ்சியைப் பார்த்து 'ம்' சொல்லிக்கிட்டு இருக்கேன்."

ஆக, வேறொருத்தி இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நாலு நாளில் ஒரு தெருகூட எனக்காக நடக்கவில்லை. டிக்கெட் எடுத்தது என் நாக்குக்கு. நான் அதன்கூட வந்தவள்.

அப்புறம்தான் உறைத்தது. "நேத்து அந்த சூப்புல உப்பே இல்லீங்க. வேணும்னுதான் அப்படிச் சொன்னேன்."

அவர் முகம் செத்துப்போயிற்று. "போன்ல சொல்லிட்டேனே. அது அவங்க காலேஜ் படிச்சப்ப தினம் சாப்பிட்ட கடை."

"கூப்பிட்டு மாத்திச் சொல்லிடுங்க."

"என்னன்னு?"

மீதி மூன்று கடைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

வீடு. துணி துவைத்தேன். அவர் சட்டையை மட்டும் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

சாயங்காலம் பையிலிருந்து கம்பெனி சாஸ் நாலு சின்ன பாட்டில் எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதை மட்டும் பார்த்துச் சொல்லு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"ஒரு சூப்புக்குப் பொய் சொன்னதுக்கே நாலு நாளா பிரார்த்தனையில நிக்க முடியல. இதைத் தினம் எப்படிங்க பண்றது?"

"வேலை போயிடும்மா."

போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் பொய். சின்ன மகள் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி.

"அங்க சொல்லாதது கிடக்கட்டும்" என்றேன். "என்கிட்ட ஏன் சொல்லல? நான் உங்களை என்னென்னவோ நினைச்சேன். சட்டைப் பையில கை விட்டேன். எதிர்வீட்டுல போய் நின்னேன். இதெல்லாம் நான் பண்ற ஆளா?"

"சொன்னா உனக்கு எளக்காரமாப் போயிடும்னு நினைச்சேன். இத்தனை வருஷம் உன் சமையலைக் குறை சொன்ன வாய்."

பாட்டில்கள் மேஜைமேலேயே இருக்கின்றன. நான் திறக்கவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

பாட்டில் நாலும் அப்படியே.

மார்ச் 3, திங்கள்

முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டாராம். அவர்கள் திட்டவில்லையாம். "அந்தக் கடையில உப்புக் கரிக்குதுன்னு நீங்க சொன்னப்பவே நினைச்சேன். எப்ப வந்து சொல்லப் போறீங்கன்னு பார்த்துட்டு இருந்தேன்" என்றார்களாம். நாளையிலிருந்து கிடங்கில், லாரியில் ஏற்றுகிற பெட்டிகளை எண்ணி எழுதுகிற வேலை. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

அப்படியானால் இவரை மாட்டிவிட்டது என் பொய்தானா? இவர் போய்ச் சொல்லியிருக்காவிட்டால் கிடங்கும் இல்லையா? எப்படிப் போட்டாலும் இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை.

இன்னொன்றும் குடைகிறது. நிஜமாகவே சொன்னாரா? சொன்னேன் என்று என்னிடம் சொல்கிறாரா?

மார்ச் 4, செவ்வாய்

கிடங்குக்காரர்களின் நீலச் சட்டையோடு வந்தார். தோள் பக்கம் தொளதொள. அப்படியானால் நிஜமாகவே சொல்லியிருக்கிறார்.

ஜூன் 14, சனி

இரண்டு மணி நேரம் தாமதம். என் பழைய புத்தி எழுந்து உட்கார்ந்துகொண்டது. கேட்க வாயெடுப்பதற்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல், "வா வா, உடனே கிளம்பு" என்றார்.

"எங்க?"

"நடந்துக்கிட்டே சொல்றேன், வா."

பஸ் நிறுத்தம் தாண்டி ஒரு பெயிண்ட் கடை. அதன் வாசலில் என்னை நிறுத்தினார். "வேலை விட்டு வரப்ப இந்த இடத்துல மூக்குல ஏதோ ஒண்ணு வந்துது. ஒரு செகண்டுதான். போயிடுச்சு. அப்பலேர்ந்து இங்கயே நிக்கறேன், திரும்பி வரல. போர்டைப் பார்த்துட்டு நானா நினைச்சுக்கிட்டேனோ என்னவோ. நீ சொல்லு. இங்க ஏதாவது வாசனை இருக்கா?"

மூச்சை இழுத்தேன். கண் எரிந்தது. "இருக்கு."

"நிஜமா?"

"நிஜமாத்தான்."

"எனக்கு ஆறுதலுக்குச் சொல்லலையே?"

"இல்லீங்க."

நம்பவில்லை. கடைக்குள் போய்க் கடைக்காரரிடமே கேட்டார். "ஏங்க, இங்க ஏதாவது வாசனை வருதா?"

கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "பெயிண்ட் கடைங்க இது. பின்ன என்ன, பூவா மணக்கும்?"

அவர் சிரித்தார். காய்ச்சலுக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. சும்மா கேட்டுவிட்டு வந்தால் நன்றாக இருக்காது என்று ஒரு சின்ன டப்பா பச்சை வாங்கினோம். கொல்லைக் கதவுக்கு ஆகும்.

"மூடியைக் கொஞ்சம் நெம்பி விட்டே குடுங்க" என்றார்.

வழியெல்லாம் டப்பாவை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்தார். மேட்டில் ஏறும்போது ஒரு தடவை சட்டென்று நின்று மூச்சை இழுத்தார். பிறகு நடந்தார். வீடு வருவதற்குள் நீலச் சட்டையெல்லாம் பச்சை. துணி சோப்பு இன்னொன்று என்று கணக்கில் எழுதிக்கொண்டேன்.