உன் அலமாரியை அரித்த பூச்சி

அன்பு மகள் சய்கலுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாரின் ஊரில் நானும் உன் அப்பாவும் ஆடுகளும் சுகம். மாஸ்கோவில் நீயும் சுகம் என்று போனில் சொல்கிறாய், குரலைக் கேட்டால் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடுகிறவள் மாதிரி இருக்கிறது, அதனால் காய்ந்த தயிர் உருண்டை அனுப்பியிருக்கிறேன், அறைத் தோழிகளுக்கே வாரி இறைத்துவிடாதே. இப்போது ஒரு விஷயம், படித்துவிட்டுக் கத்தக் கூடாது. சமீபத்தில் உன் அப்பா உன் துணி அலமாரியைத் திறந்து, "ஐயோ, பூச்சி மொத்தத்தையும் தின்னுருச்சுடி" என்று ஊரைக் கூட்டினார். ஜிப்பைக்கூட மிச்சம் வைக்காத பூச்சி எது என்று யோசிக்காமல் அந்துருண்டை வாங்கிவந்து வீட்டையே நாறடித்துவிட்டார். அந்தப் பூச்சி நான்தான்.

என் வேலை உனக்குத் தெரியும். பலாத்காரத்துக்கு ஆளாகி வருகிற பெண்களைச் சோதித்து, கண்டதைக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பது. உடுத்திவந்த துணியும் சாட்சி என்பதால் அதைத் தாள் பையில் போட்டு முத்திரை வைத்துவிடுவேன். இலையுதிர் காலத்தில் சந்தையில் ரொட்டி விற்கிற ஒரு பெண் வந்தாள், பெயரை உனக்கும் சொல்ல மாட்டேன். நம் ஊரில் வந்தவளுக்குத் தேநீர் ஊற்றாமல் யாராவது பேச்சை ஆரம்பிப்பார்களா? என் அறையில் மட்டும் வாய்க்குள் பஞ்சால் தடவிச் சோதனைக்கு எடுக்கும்வரை ஒரு மடக்குத் தேநீரும் கிடையாது, அதிலேயே அவளுக்கு என்மேல் பாதி வெறுப்பு. துணியைக் கேட்டதும் எழுந்தேவிட்டாள். "ஆஸ்பத்திரி அங்கியோட எங்க தெருவுல எறங்கினா எல்லாத்துக்கும் தெரிஞ்சிரும்க்கா. ஒண்ணும் வேணாம், நான் போறேன்" என்றாள். போய்த் துணியைத் துவைத்துவிட்டால் அவளைக் கெடுத்தவன் தப்பித்தான். ஆனாலும் பிடித்துவைக்க நான் யார்? முடிவு உன்னுடையதுதான், துணிதான் கவலை என்றால் கொஞ்சம் இரு என்று சொல்லி, நர்ஸைத் துணைக்கு வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே நம் வீட்டுக்கு ஓடினேன்.

கைக்கு வந்தது உன் ஊதாக் கோட்டு, அதுதான், ரோமக் காலர் வைத்தது. தூக்கிக் காட்டினேன். "இதையா உங்க பொண்ணு காசு குடுத்து வாங்கினா?" என்றாள். அழுது அடம்பிடித்து வாங்கினாள் என்றேன். சய்கல், அவள் சிரித்துவிட்டாள். அப்புறம், "சரிக்கா, ஆரம்பிங்க" என்றாள். ஒவ்வொன்றையும் அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்தேன். பிறகு வந்த பெண்களோடு உன் பச்சை ஸ்வெட்டர், பூப்போட்ட பாவாடை எல்லாம் போயின.

போன திங்கட்கிழமை அந்த ரொட்டி விற்கிறவளின் வழக்கில் தீர்ப்பு. அவன் ஜெயிலுக்குப் போனான். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள், ஒருதரம்கூடத் தலை குனியவில்லை, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு மனசு தாங்காமல் அப்பாவிடம் உன் துணியெல்லாம் எங்கே போகிறது என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போய் அந்துருண்டைகளைப் பொறுக்கி வெளியே போட்டார்.

நீ லீவுக்கு வரும்போது நல்லதாக உடுத்திக்கொண்டு வா, அது உன்னோடு திரும்பும் என்று மட்டும் நம்பாதே. குளிரில் தொப்பியைக் கழற்றாதே. இன்னொன்று, நேற்று ஆஸ்பத்திரியில் என் அறைக் கொக்கியில் பெண்கள் போடுகிற புதுக் கோட்டு ஒன்று தொங்கியது, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை, ஊதா நிறம், ரோமக் காலர். யார் மாட்டியது என்று வீட்டில் கேட்டேன். உன் அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பூச்சியா இருக்கும்" என்றார்.

நீ போகிற வழியெல்லாம் நல்லதாக அமையட்டும்.

உன் அம்மா