நீங்கள் சொன்ன ஓம்

லோசான்,
பெப்ரவரி 11

அன்புள்ள தங்கச்சி சுசீலாதேவிக்கு,

நீங்களும் இராஜேந்திரனும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். நான் மகள் வீட்டில் நலம். இங்கே வீதியெல்லாம் ஏற்றமும் இறக்கமும்; முழங்கால்தான் குறை சொல்கிறது. பிரெஞ்சு இன்னும் வாயில் நுழையவில்லை. போன கிழமை கடைக்காரி கேட்டதற்கெல்லாம் தலையாட்டியதில், வேண்டாத மீன் அரைக் கிலோ வீட்டுக்கு வந்தது. மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் நினைவுதான் வந்தது.

சின்னவள் நிலோஜினியின் ஆறாம் வகுப்புச் சந்திப்புக்கு ஜெர்மன் மொழிபெயர்க்க அங்கே டீட்டிகோனுக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். அன்று தொலைபேசியிலேயே ஒன்றைச் சொல்லப் பார்த்தேன். மாஸ்டர் வந்தால்தான் எங்களுக்கு வாய் என்றீர்கள். அதற்குமேல் என்னால் கதைக்க முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், மூத்தவள் லக்ஷனாவுக்காக இதே போல ஒரு சந்திப்புக்குப் போனோம். கெட்டிக்காரிதான், ஆனால் இவர்களைப் போன்ற குடும்பங்களில் பாடத்துக்கு உதவ ஆள் இல்லை, அதனால் மேற்பிரிவான செக் ஆ வேண்டாம், கீழ்ப்பிரிவான செக் பே அவளுக்குச் சுகம் என்று ஆசிரியை சொன்னார். 'இவர்களைப் போன்ற' என்பதை நான் தமிழில் சொல்லவில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் நீங்கள் ஓம், ஓம் என்றீர்கள். அது நம்முடைய ஓம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற ஓம். மட்டக்களப்பில் நான் கணக்கு விளங்கியதா என்று கேட்டால் வகுப்பு முழுவதும் ஓம் சேர் என்னும். விளங்கியவர்கள் பத்துப் பேர் இருக்கமாட்டார்கள். இருபது வருடம் அந்த ஓமைக் கேட்டவன் நான். ஆசிரியை என் பக்கம் திரும்பி, தாய்க்குச் சம்மதமா என்று கேட்டார். நான் 'யா', சம்மதம் என்றேன்.

பிறகு நீங்கள் மெதுவாக, செக் ஆவில விட்டுப் பாக்க ஏலாதோ மாஸ்டர் என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி ஜெர்மனுக்குப் போகவேயில்லை. ஆசிரியை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானே பதில் சொல்லிவிட்டேன். அரசாங்கப் பள்ளிக்கூடம் பிள்ளைக்குப் பிழை செய்யுமோ என்று சொல்லி நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள்.

ஏன் அப்படிச் செய்தேன்? நீங்கள் துப்புரவு வேலை முடித்து, சீருடையை மாற்ற நேரமில்லாமல் வந்திருந்தீர்கள். இந்த வீட்டுக்கு இது போதும் என்று நான் முடிவெடுத்துவிட்டேன். உங்கள் மனம் நோகக் கூடாதென்றுதான் அந்த வார்த்தைகளைச் சொல்லாமல் விட்டேன் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் ஆசிரியையைவிட நான்தான் அவற்றை நம்பியிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதே மாதம் ராம்பிரசாத்தின் மகளுக்கும் செக் பே என்றார்கள். தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள், உங்களுக்கும் தெரியும். மனைவி ஸ்நேகா என்னிடம் வந்து, நம்ம நிறத்தைப் பார்த்துட்டு முடிவு பண்றாங்க சார், இல்லேன்னா பிரைவேட்ல போட்டுடறோம் என்று கொதித்தார். அவரைக் கதிரையில் இருத்தி, தேநீர் கொடுத்து, சம்மதம் இல்லாவிட்டால் கையெழுத்து வைக்க வேண்டாம், இரண்டாவது சந்திப்புக் கேட்கலாம் என்று சொன்னேன். கேட்டார்கள். அந்தப் பிள்ளை செக் ஆவுக்குப் போனாள். வேறு பள்ளிக்குக் காசு கட்டக்கூடியவர்களுக்கு வழி சொன்னேன். அந்த ஒரு பள்ளிக்கூடத்தை மட்டும் நம்பியிருந்த உங்களுக்குச் சொல்லவில்லை.

போன மாதம் லக்ஷனா தொழிற்பயிற்சி விண்ணப்பம் ஒன்றைத் திருத்தித் தரச் சொல்லி அழைத்தாள். ஆய்வுகூட வேலைக்குத்தான் ஆசையாம்; அங்கே செக் ஆ கேட்கிறார்களாம். அம்மா ஓம் எண்டு கையெழுத்து வச்சவதானே, அவவுக்கே என்னில நம்பிக்கை இல்லை, விடுங்கோ மாஸ்டர் என்றாள். உங்களோடு அவள் ஏன் சரியாகக் கதைப்பதில்லை என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு விடை அதுதான். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தேன்.

நிலோஜினியின் சந்திப்புக்குப் பள்ளிக்கூடத்திடம் வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நினைத்ததையெல்லாம் கேட்டு முடிக்கும்வரை ஓம் சொல்லாதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்குத் தலையைக்கூட ஆட்ட வேண்டாம். செக் ஆவிலிருந்து வந்த பிள்ளைகளோடு லக்ஷனாவும் அந்த வேலைக்கு விண்ணப்பிக்க வழி உண்டா என்று நான் விசாரிக்கிறேன். இல்லை என்றால் இல்லை என்றே எழுதுவேன்.

என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை. ஒரேயொரு உதவி. இதை வாசித்துவிட்டு மடித்து அலுமாரியில் வைத்துவிடாதீர்கள், லக்ஷனாவிடம் கொடுங்கள். சனிக்கிழமை வகுப்பில் அவளுக்கு ஆனா எழுதப் பழக்கியவன் நான். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். அம்மா அன்று செக் ஆ கேட்டவர் என்பதை அவள் இதிலேயே வாசிக்கட்டும்.

பிள்ளைகள் இருவரும் விரும்பிய இடத்துக்குப் போய்ச் சேரட்டும்.

தம்பிராசா