சர்க்கரை விழுந்த சோளரொட்டி

அன்புள்ள அம்மாவுக்கு, வெர்னெட் வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம். மினசோட்டாக் குளிர்தான் எலும்பைத் தின்கிறது.

நேற்று எங்கள் ஹோட்டலில் கல்யாண விருந்து. ஒரே வாயில் போடுகிற அளவில் மக்காச்சோள ரொட்டி சுட்டு, மேலே தேன் குழைத்த வெண்ணெய் வைக்கச் சொன்னார்கள். மோரும் உப்பும் சேர்த்து, சர்க்கரை போடாமல், நம் மிசிசிப்பிப் பக்குவத்தில் மாவு கரைத்தேன். அடுப்பைப் பார்க்கத் திரும்பியதுதான் தாமதம், தலைமைச் சமையல்காரர் கன்னர் சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிட்டார்.

"என்ன சார் பண்றீங்க? மேலதான் தேன் வருதே! இது ரொட்டியா, கேக்கா?"

"இனிச்சாத்தாம்மா இங்க எடுபடும். சும்மா சுடு."

எடுபட்டது, அதுதான் எரிச்சல். பரிமாறும் மேசையில் 'வெர்னெட்டின் மிசிசிப்பிச் சோளரொட்டி' என்று அட்டை வேறு. மணப்பெண்ணின் அம்மா சமையலறைக்குள் வந்து, "உங்க ஊரு குட்டிக் கேக் பிரமாதம்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கன்னர் கண்ணடித்தார். எனக்கு அழுகை முட்டியது.

அறைக்கு வந்து சர்க்கரையில்லாமல் எனக்கென்று சுட்டேன். கடைமாவில் அந்த மணமே இல்லை. நம் ஊர் வெள்ளை மக்காச்சோள மாவு இரண்டு பை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை ரொட்டி சுடும்போது எனக்குப் போன் போட்டு அடுப்புப் பக்கத்தில் வை. பேச வேண்டாம். சூடான சட்டியில் மாவு சீறும் சத்தம் கேட்டால் போதும்.

நிறுத்தத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன்; வேலைக்குப் போகிற பஸ் வந்துவிட்டது.

வெர்னெட்